முற்றத்து மரம் பட்டுக்கொண்டு வருகிறதா? யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் பூங்கன்று விற்கிறேன். கன்று வாங்க வருகிறவர்கள் காசைக் கொடுத்துவிட்டு அப்புறம் மெதுவாகத் தொலைபேசியை நீட்டுவார்கள். படத்தில் கொன்றையோ மகிழோ செண்பகமோ ஒரு பக்கம் மொட்டையாக நிற்கும். "இதுக்கு ஒரு மருந்து தாங்கோ" என்பார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இதே மாதிரிப் படங்கள் வைபரில் வருகின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

மா, பலா, தென்னை பற்றி இதில் இல்லை. பூவுக்கும் நிழலுக்கும் ஆசைக்கும் வைத்த மரங்களுக்குத்தான் இது.

எங்கட கொன்றை இலையெல்லாம் கொட்டிப்போட்டு நிக்குது. பட்டுப்போச்சோ?

எந்த மாதம் என்று முதலில் பாருங்கள். சரக்கொன்றை மாசி, பங்குனி வெயிலில் இலை கொட்டுகிற மரம். சித்திரை, வைகாசியில் பூச்சரம் இறங்கும்போதுகூட இலை குறைவாகவே இருக்கும். சிவப்பாகப் பூக்கிற செம்மயிற்கொன்றையும், கோயில் வாசல்களில் நிற்கிற ஈழத்தலரியும் வறட்சியில் மொட்டையாகத்தான் நிற்கும். நாகலிங்கம் வருஷத்தில் சில தடவை ஒரேயடியாக இலை கொட்டிவிட்டு உடனே துளிர்க்கும். இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் மகிழும் செண்பகமும் எப்போதும் பச்சையாக நிற்க வேண்டிய மரங்கள். அவை மொட்டையானால் சும்மா விடக்கூடாது.

கொன்றைக்கு இன்னொன்றும் உண்டு. புதுத்தளிர் வருகிற காலத்தில் பச்சைப் புழுக்கள் இலையைச் சல்லடையாக்கிவிடும். வளவில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்தால் அவற்றின் பிள்ளைகள்தான் இவை. மரம் மறுபடி தளிர்த்துவிடும். மருந்து அடித்தால் புழுவைத் தின்ன வருகிற குருவிக்கும்தான் கேடு.

உயிர் இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

விரலளவு தடிப்புள்ள ஒரு கொப்பில் நகத்தாலோ கத்தி நுனியாலோ மேற்பட்டையை இலேசாகக் கீறுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. காய்ந்து மண்ணிறமாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது. நுனியிலிருந்து தொடங்கி அடிமரத்தை நோக்கி வாருங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பச்சை நூலடியிலேயே நின்றால் நல்லது, நூலைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் மரம் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கொப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நாலு திசையிலும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் அந்தப் பக்கத்து வேருக்கு என்ன நடந்தது என்று தேட வேண்டும். அதுவே பாதிக் கேள்விக்கு விடை தந்துவிடும்.

போன கிழமை வரைக்கும் நல்லா நிண்டது. திடீரெண்டு எப்பிடி இப்பிடி?

திடீரென்று இல்லை. வளர்ந்த மரம் வேரிலும் தண்டிலும் மாப்பொருளைச் சேமித்து வைத்திருக்கும். வேர் பாதி போனாலும் அந்தச் சேமிப்பை எடுத்துத் தின்று இரண்டு மூன்று வருஷம் பச்சையாகவே நிற்கும். சேமிப்பு முடிகிற வருஷத்தில்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் "போன கிழமை என்ன நடந்தது?" என்று தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. "ஐந்து வருஷத்துக்குள் இந்த வளவில் என்ன மாறியது?" என்று கேளுங்கள். மதில் கட்டினீர்களா, கல் பதித்தீர்களா, மண் நிரப்பினீர்களா, மலசலகூடக் குழி இடம் மாறியதா, கிணற்றுக்கு மோட்டர் வந்ததா, வாசலில் றோட்டும் வாய்க்காலும் உயர்ந்ததா? வீட்டில் வயதானவர்களிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்.

உண்மையிலேயே திடீரென்று கொல்லக்கூடியவை கொஞ்சம்தான். இடி விழுவது, நாட்கணக்கில் வெள்ளம் நிற்பது, நஞ்சு, முற்றிப்போன வேரழுகல். இவற்றில் பெரும்பாலும் இலை கொட்டாமல் மரத்திலேயே காய்ந்து தொங்கும்.

என்ன மருந்து அடிக்கலாம்?

ஒன்றும் அடிக்காதீர்கள். கன்று விற்கிறவன் மருந்தும் விற்கலாம்தான். ஆனால் என்ன வருத்தம் என்று தெரியாமல் கொடுக்கிற மருந்தால் மரம் பிழைத்ததை நான் பார்த்ததில்லை. வாடுகிற மரத்துக்கு யூரியா போடுவது எல்லாவற்றிலும் மோசம். வேர் இல்லாத மரத்தை இலை தள்ளச் சொல்லி வற்புறுத்துகிறோம். மிச்சமிருக்கிற சேமிப்பும் அதில் கரைந்துவிடும். அதிக உரம் மண்ணில் உப்பாக நின்று இருக்கிற சின்ன வேரையும் கருக்கும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அடியில் சாம்பல் கொட்டு, உப்புப் போடு, சுண்ணாம்பு பூசு, புண்ணாக்கைக் குவி. எங்கள் மண் ஏற்கெனவே காரத்தன்மை கூடிய சுண்ணாம்பு மண். சாம்பல் அந்தக் காரத்தை இன்னும் கூட்டும்.

அப்ப என்னதான் செய்யிறது? சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதோ?

தண்ணீர், மூடுபடை, பொறுமை. தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாதீர்கள். குடிக்கிற நுண்வேர்கள் கொப்புகள் விரிந்திருக்கும் ஓரத்தடியிலும் அதற்கு வெளியிலும்தான் இருக்கின்றன. அதுவும் மேல்மண்ணின் ஒன்றரை இரண்டு அடிக்குள். அந்த ஓரத்தைச் சுற்றி ஆழமில்லாத வட்டப்பாத்தி கட்டி, குழாயை மெல்லிதாகத் திறந்துவிட்டு ஒரு அடி ஆழம் நனையும்வரை விடுங்கள். நனைந்ததா என்று ஒரு கம்பியைக் குத்திப் பார்க்கலாம், ஈர மண்ணில் சுலபமாக இறங்கும். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும். தினமும் ஒரு வாளி தெளிப்பதில் பயனில்லை. மேல் இரண்டு அங்குலம் நனைந்து அன்றே காய்ந்துவிடும்.

அப்புறம் மூடுபடை. விழுந்த இலையை அங்கேயே விடுங்கள். விளக்குமாறால் கோடு தெரியக் கூட்டிய வெறும் முற்றம்தான் நமக்கு அழகு, தெரியும். மரத்துக்கு அது அழகில்லை. முற்றம் முழுதும் வேண்டாம், கொப்பு நிழல் விழுகிற வட்டத்தில் மட்டும் சருகு, பூவரசங்குழை, கூட்டெரு எது கிடைக்கிறதோ அதை மூன்று நாலு அங்குலம் பரப்புங்கள். அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள். முட்டினால் பட்டை அழுகும்.

பட்ட கொப்பை மட்டும் அதன் அடி வளையம்வரை, அதாவது மரத்தோடு சேருகிற இடத்தில் புடைத்திருக்கும் வளையம்வரை, வெட்டலாம். உயிருள்ள கொப்பை "பாரம் குறைக்க" என்று மொட்டையடிக்கக்கூடாது, இலைதான் அதன் சமையலறை. வெட்டிய இடத்தில் தார், பெயின்ற், சாணி எதுவும் பூசத் தேவையில்லை. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளே சுவர் கட்டி அடைத்துவிடுகிறது. இதை அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷீகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துக் காட்டினார். பூச்சு உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகலுக்கு உதவுவதுதான் அதிகம்.

முதல்ல எங்க பாக்கிறது? இலையையோ?

எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். குனிந்து பாருங்கள். அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தில் அகன்று, வேர் பிரிகிற மேடு தெரிய வேண்டும். நட்டுவைத்த தூண் மாதிரி நேராக மண்ணுக்குள் போனால் மண் மேலே ஏறியிருக்கிறது. கையால் தோண்டிப் பாருங்கள். பட்டை ஈரமாக, கறுத்து, விரலால் அமுக்கினால் பிரிந்து வந்தால் வருத்தம் அங்கேதான்.

சுற்றி வந்து பாருங்கள். கொடிக்கம்பி, ஊஞ்சல் கயிறு, எப்போதோ வேலிக்குக் கட்டிய முள்ளுக்கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கிறதா? சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி இறுக்கினால் வேர் பட்டினி கிடக்கும். குப்பை கொளுத்துகிற இடம் எங்கே? கூட்டிய சருகை மரத்தடியிலேயே குவித்து நெருப்பு வைக்கிற பழக்கம் எத்தனையோ மரத்தைத் தின்றிருக்கிறது. வெளிப்பட்டை கறுக்காமலே உள்ளே வெந்திருக்கலாம். அந்தப் பக்கத்துப் பட்டை ஒரு வருஷம் கழித்து வெடித்து உரியும்.

முத்தத்துக்கு இன்டர்லொக் கல்லுப் போட்டனாங்கள். இடைவெளியால தண்ணி போகுதுதானே?

கொஞ்சம் போகும். பிரச்சினை கல்லில் இல்லை, கல்லுக்கு அடியில். கல் பதிக்கிறவர்கள் மேல்மண்ணை அரை அடி, முக்கால் அடி வெட்டி எடுத்துவிட்டு, கிறவலும் கல்லுத்தூளும் போட்டு இயந்திரத்தால் இடித்து இறுக்குவார்கள். நுண்வேர் இருந்ததே அந்த மேல்மண்ணில்தான். மிச்ச வேருக்குக் காற்று இல்லை. வேரும் மூச்சு விடுகிறது. வெயிலில் கல் கொதிக்கிறது. இடையில் புல் முளைக்காமலிருக்க உப்போ களைநாசினியோ தெளித்திருந்தால் அதுவும் அடியில்தான் இறங்கியிருக்கும்.

செய்யக்கூடியது: மரத்தைச் சுற்றி குறைந்தது ஐந்தாறு அடி ஆரத்துக்குக் கல்லைக் கழற்றுங்கள். முடிந்தால் இன்னும். இறுகிய கிறவலைக் கையால் அகற்றிக் கூட்டெரு கலந்த மண்ணை விடுங்கள். காசு கொட்டிப் பதித்த கல்லைக் கழற்றச் சொன்னால் முகம் சுருங்கும். "ரெண்டு வரி கழட்டினாப் போதுமோ?" என்று பேரம் பேசுவார்கள். போதாது.

வெள்ளம் நிக்குதெண்டு வளவுக்கு மண் போட்டு உயர்த்தினாங்கள். மண் மரத்துக்கு நல்லதுதானே?

2008 கார்த்திகையில் நிஷா புயல் மழைக்குப் பிறகு நிறையப் பேர் வளவை உயர்த்தினார்கள். 2020 இல் புரெவி வந்த பிறகும் அப்படித்தான். வீட்டுக்கு நல்லது. மரத்துக்கு ஒரு அடி மண் என்பது மூக்கைப் பொத்துவது. வேர் இருந்த ஆழத்துக்குக் காற்று இறங்காது. கொட்டியது களிமண்ணோ கட்டட இடிபாடோ என்றால் இன்னும் மோசம்.

நிரப்பி ஒரு வருஷம் இரண்டு வருஷம்தான் ஆகிறது என்றால் முயன்று பார்க்கலாம். பழைய மட்டம் வரும்வரை, கொப்பு விரிந்த தூரத்துக்கு முடிந்தவரை கையால் அகற்றுங்கள், மண்வெட்டியை ஓங்காதீர்கள். பள்ளமாகிற இடத்துக்கு ஒரு வடிகால் வேண்டும். இல்லாவிட்டால் மாரியில் அதுவே குளமாகிவிடும். பத்து வருஷத்துக்கு முன் போட்ட மண் என்றால் மரம் மேலே புதுவேர் விட்டுப் பழகியிருக்கும். இப்போது தோண்டினால் அந்த வேரும் போகும். அதை விட்டுவிடுங்கள்.

மதிலுக்கு அத்திவாரம் வெட்டேக்க வேர் கொஞ்சம் அறுந்தது. கொஞ்சம்தான்.

கிடுகு வேலியும் கதிகாலும் இருந்தவரை இந்தப் பிரச்சினை இல்லை. அத்திவாரம் மரத்திலிருந்து மூன்றடியில் ஓடியிருந்தால் அந்தப் பக்கத்து வேரில் பெரும்பங்கு போய்விட்டது, "கொஞ்சம்" இல்லை. அடுத்த இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீரைக் கூட்டுங்கள். காற்றுக்கு மரம் சாய்கிறதா என்றும் கவனியுங்கள்.

எங்கட வளவு முழுக்கக் கல்லு. அலவாங்கால குழி கிண்டித்தான் வைச்சது. இருபது வருஷம் நல்லாத்தானே நிண்டது?

வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண் ஒரு அடி, இரண்டு அடிதான். கீழே சுண்ணக்கல். கல்லுக்குள் குழி கிண்டி மண் நிரப்பி வைத்த மரம் உண்மையில் கல்லால் செய்த பூச்சட்டிக்குள் நிற்கிறது. வெடிப்புக் கிடைத்த வேர் கிணற்றடிவரை போகும், கிடைக்காதது குழிக்குள் சுற்றும். சின்ன மரமாக இருக்கும்வரை குழி போதும். பெரிய மரமானதும் கோடையில் தண்ணீர் போதாது, மாரியில் அதே குழியில் தண்ணீர் நின்று வேர் அழுகும். ஒரே மரத்துக்கு இரண்டு தொல்லையும் ஒரே வருஷத்தில்.

இதற்கு நேரடி வைத்தியம் இல்லை. குழிக்கு வெளியே மேல்மண்ணில் கூட்டெருவும் சருகும் தொடர்ந்து போட்டு வந்தால் மேலோட்டமாக வேர் ஓடும். இருபது வருஷம் என்பது அந்த இடம் கொடுக்கக்கூடிய வயதாகவும் இருக்கலாம். செம்மயிற்கொன்றை போன்ற வேகமாக வளர்கிற மரம் நல்ல மண்ணிலேயே நூற்றாண்டு நிற்கிற சாதி இல்லை.

இன்னொரு குழியும் உண்டு. சண்டைக்காலத்தில் மரத்தடியில் பங்கர் வெட்டிப் பின்னர் கல்லும் தகரமும் போட்டு மூடிய வளவுகள் ஏராளம். 1990 இல் விட்டுப் போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பிய வலிகாமம் வடக்குக் காணிகளில் எங்கே என்ன மூடிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தோண்டும்போது சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் அப்படியே விட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். மரம் பொறுக்கும்.

செண்பகத்தின்ர இலை மஞ்சளாப் போகுது. நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. தண்ணி காணாதோ?

இது தண்ணீர் இல்லை, இரும்புச்சத்து. புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அநேகமாக அதுதான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் நிறமே இரும்பு. ஆனால் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையில் அது பூட்டுப்பட்டுக் கிடக்கிறது. மலைநாட்டுப் புளிப்பு மண்ணில் செழிக்கிற செண்பகம் இங்கே வருவதே பெரிய காரியம்.

அன்னபேதியை (இரும்புச் சல்பேற்று) அடியில் போட்டால் சில நாளில் அதுவும் பூட்டுப்பட்டுவிடும். மரம் சிறிதென்றால் லீற்றருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைக்குத் தெளிக்கலாம், பச்சை திரும்பும். ஆனால் அடுத்த தளிருக்கு மறுபடி தெளிக்க வேண்டும். மண்ணில் பூட்டுப்படாமலிருக்கச் செய்த கொடுக்கிணைப்பு (கீலேற்) இரும்பு வாங்கினால் இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான இ.டி.டி.ஏ. வகை எங்கள் மண்ணில் நிலைக்காது. நீண்ட காலத்துக்கு மேலே சொன்ன சருகும் கூட்டெருவும்தான். கட்டட வேலையில் சீமெந்து குழைத்த இடம் மரத்தடியில் இருந்ததா என்றும் யோசியுங்கள்.

கிணத்துத் தண்ணிதான் ஊத்துறன். அதில பிழை இருக்குமோ?

இருக்கலாம். எங்களுக்கு ஓடுகிற ஆறு இல்லை, வழுக்கையாறு மாரிக்குத்தான். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து, சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதக்கிறது. துலாவால் அள்ளியவரை அது கலங்கவில்லை. மோட்டரால் விடாமல் இறைத்தால் கீழிருந்து உவர் மேலே ஏறும். ஆவணியில் எடுக்கிற தண்ணீரும் தையில் எடுக்கிற தண்ணீரும் ஒன்றில்லை. வாய்க்கு உப்புத் தெரியுமுன்பே இலைக்குத் தெரிந்துவிடும். முற்றின இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோலக் காயும்.

இப்போது புதிதாக ஒன்று. குடிதண்ணீருக்கு ஆர்.ஓ. வடிகட்டி பூட்டிய வீடுகளில் கழிவுக்குழாயை "வீணாக்காமல்" பூமரத்துக்கு விட்டிருப்பார்கள். கிணற்றிலுள்ள உப்பெல்லாம் செறிந்து வருகிற தண்ணீர் அது. மண்வெட்டி கழுவுங்கள், வாசல் கழுவுங்கள், மரத்துக்கு விடாதீர்கள். இந்தக் கேள்வி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அந்தக் குழாய் எங்கே போகிறது என்பதைத்தான். உப்பேறிய மண்ணுக்கு மருந்து மழைதான். மாரியில் கூரைத் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பி, நிற்காமல் வடிய விட்டால் உப்புக் கழுவுப்படும்.

பட்டையில கறையான் ஏறியிருக்கு. அதுதான் திண்டு கொல்லுதோ?

பெரும்பாலும் கறையான் சாவீட்டுக்கு வருகிற ஆள், கொலைகாரன் இல்லை. செத்த வெளிப்பட்டையைத்தான் தின்னும். மண்புற்றைத் தட்டிவிட்டு அடியில் கீறிப் பாருங்கள். பச்சை இருந்தால் பயமில்லை. ஆனால் வறட்சியில் நலிந்த மரத்தின் வேரை அது கடிப்பதும் உண்டு, தண்ணீர் கொடுத்தால் குறையும்.

கறையான் என்று நினைத்து விடுகிற வேறொன்று இருக்கிறது. கொப்புப் பிரிகிற கவட்டில் பட்டைத்தூளும் எச்சமும் நூலாம்படையும் சேர்ந்து நாடாபோல ஒட்டியிருந்தால் அது பட்டை தின்னும் புழு. பகலில் துளைக்குள் இருக்கும், இரவில் வெளியே வந்து பட்டையைச் சுரண்டும். கொன்றை, செம்மயிற்கொன்றை, மகிழ் எல்லாவற்றிலும் வரும். நாடாவைத் துடைத்துவிட்டு, துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைச் செருகி மண்ணால் அடைத்தால் போதும். இந்தப் பட்டியலில் சுலபமாகத் தீரக்கூடியது இது ஒன்றுதான் என்றும் சொல்லலாம்.

அடிமரத்தில தட்டையா, வார்னிஷ் பூசின மாதிரி ஒரு காளான் வந்திருக்கு. சுரண்டி எறிஞ்சாச் சரியோ?

சுரண்டினால் அடையாளம்தான் போகும். அது கனோடெர்மா வகைப் பங்கசாக இருக்கலாம். வெளியே தெரிவது காய், உடல் முழுதும் வேருக்குள்ளும் அடிமரத்துக்குள்ளும் இருக்கிறது. வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை. இலை பச்சையாக இருக்கும்போதே வேர் அழுகி, காற்றுக்கு மரம் அடியோடு சாயலாம். அது வீட்டுப் பக்கமோ றோட்டுப் பக்கமோ சாயக்கூடிய மரமென்றால் இந்த மாரிக்கு முன்னரே முடிவெடுங்கள். பொறுமை என்று மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஏதும் ஊத்தியிருப்பினமோ? சருகு விழுகுதெண்டு சண்டை பிடிச்சவை.

வேலிச்சண்டை இல்லாத ஒழுங்கை எங்கே இருக்கிறது! ஆனாலும் இந்தக் கேள்வியோடு வந்தவர்களின் மரங்களில் அநேகமானவற்றுக்கு வேறு காரணம்தான் கிடைத்தது, அதுவும் அவர்களுடைய சொந்த வளவுக்குள்ளேயே. சந்தேகம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். துளைத்து அடைத்த ஓட்டை, பட்டையைச் சுற்றிவர உரித்த வளையம், ஒரு இடத்தில் மட்டும் புல்லும் செத்து எண்ணெய் மணம், களைநாசினி என்றால் சுருண்டு முறுகின புதுத்தளிர். இவை ஒன்றுமில்லையென்றால் வாயைத் திறக்காதீர்கள். மரம் போனாலும் அயலவர் இருப்பார்கள்.

கண்ணூறு எண்டு மாமி சொல்லுறா. ஏதும் செய்யலாமோ?

தாராளமாகச் செய்யுங்கள். திருநீறு பூசலாம், தேங்காய் உடைக்கலாம். ஆணி அடித்து எதையும் தொங்கவிட வேண்டாம், கற்பூரத்தை வேரடியில் கொளுத்த வேண்டாம்.

வீடு பூட்டிக் கிடக்கு. நாங்கள் கனடாவில. அப்பா வைச்ச மகிழ். இங்க இருந்து என்ன செய்யலாம்?

இப்படிக் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆள் இருந்த வீட்டு மரத்துக்கும் பூட்டிய வீட்டு மரத்துக்கும் வித்தியாசம் தண்ணீர்தான். கிணற்றடியில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், அப்பா பின்னேரத்தில் ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டன. அதை நம்பி மேலோட்டமாக வளர்ந்த வேருக்கு முதல் இரண்டு கோடையும் கடும் சோதனை. மகிழ் உறுதியான மரம், தாண்டினால் பிறகு மழையை நம்பி நிற்கும்.

வளவு பார்க்கிறவரிடம் "மரத்தைப் பாருங்கோ" என்று சொல்வதில் பயனில்லை. எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் குழாயை விட வேண்டும் என்று சொல்லுங்கள். துப்புரவு என்ற பெயரில் சருகைக் கொளுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மாதம் ஒரு படம், ஒரே இடத்தில் நின்று எடுத்தது. கிட்டத்தில் எடுத்த பத்து இலைப் படத்தைவிடத் தூரத்தில் முழுமரமும் தெரிகிற ஒன்றும், அடிமரத்தில் ஒன்றும் எனக்கு அதிகம் சொல்லும். தொலைவில் இருந்துகொண்டு காசு அனுப்பி ஆளைப் பிடித்து மருந்தடிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். அனுப்புகிற காசை ஒரு கோடைக்குத் தண்ணீர் விடுகிறவருக்குக் கொடுங்கள்.

எல்லாம் பாத்தாச்சு. காரணம் ஒண்டும் பிடிபடேல்ல. ஆரிட்டக் காட்டலாம்?

உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம். வெறுங்கையோடு போகாதீர்கள். பச்சையும் பட்டதும் சந்திக்கிற இடத்தில் வெட்டிய ஒரு கொப்பு, ஒரு பிடி நுண்வேர் மண்ணோடு, கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல், ஐந்து வருஷத்து மாற்றங்களின் குறிப்பு. முழுதாகக் காய்ந்த கொப்பில் பார்க்க ஒன்றும் இருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு பதில் கிடைக்காமலே போகலாம். மரம் ஒரே காரணத்தால் சாவது குறைவு. மண் ஆழமில்லாதது முதல் நலிவு. பிறகு ஒரு மதில், பிறகு ஒரு கடும் வறட்சி, கடைசியில் ஒரு பங்கசு. கடைசியாக வந்தவனைப் பிடித்துவிட்டு "இதுதான்" என்போம். எது முந்தியது, எது பெரியது என்று பிரித்துச் சொல்ல ஆய்வுகூடத்தாலும் பல நேரம் முடியாது. நீங்கள் கவனிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

மரம்தானே எண்டு எல்லாரும் சொல்லுகினம். எனக்கெண்டா மனம் கேக்குதில்லை. இது பைத்தியமோ?

இல்லை. இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. அந்த நிழலில் பந்தல் போட்டுக் கலியாணம் நடந்திருக்கும், அந்தப் பூவைப் பொறுக்கி மாலை கட்டிய அம்மம்மா இப்போது இல்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரை இல்லாத வீட்டில் மரம் மட்டும் நின்ற கதை எத்தனை குடும்பங்களுக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்று காரணம் சொல்லாமல் போகும்போது வருத்தம் வரத்தான் செய்யும். நாய்க்குட்டி செத்தால் அழ விடுகிறோமே.

ஒரு யோசனை மட்டும். வருத்தத்தில் கை சும்மா இருக்க விடாது, தினமும் எதையாவது ஊற்றச் சொல்லும். அந்தக் கையை வேறு வேலைக்குத் திருப்புங்கள். விதை பொறுக்குங்கள். ஈழத்தலரி என்றால் நல்ல கொப்பு ஒன்றை முழ நீளத்துக்கு வெட்டி, பால் காயும்வரை ஒரு கிழமை நிழலில் வைத்து நடுங்கள். அது தாய்மரத்தின் அதே பூவைத் தரும். விதையால் வருகிற கொன்றை அதன் பிள்ளைதான், அதுவேயில்லை. சகோதரங்களுக்கு ஆளுக்கொரு கன்று கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மரம் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

எப்ப கைவிடுறது? தறிக்க அனுமதி வேணுமோ?

ஆபத்து இல்லாத இடத்தில் நிற்கிறதென்றால் ஒரு முழு மாரியைக் கடக்க விடுங்கள். தை பிறந்தும் எங்கும் துளிர் இல்லை, அடிமரத்தில் நாலு பக்கமும் கீறினால் பச்சை இல்லை என்றால் அது முடிந்தது. வீட்டுக்கு மேலே சாய்கிற மரத்துக்கு இந்தத் தவணை கிடையாது.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும், 1951 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பூமரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் மரத்தை வெளியே ஏற்றுவதானால் விதானையாரிடமோ பிரதேச செயலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அரிகிற ஆட்களிடம் சண்டைக்காலத்தில் அந்த வளவில் செல் விழுந்ததா என்று மறைக்காமல் சொல்லுங்கள். பழைய மரத்துக்குள் இரும்புத் துண்டு இருந்து சங்கிலிவாளில் பட்டால் ஆளுக்கு ஆபத்து. அடிக்கட்டையை நாலடி விட்டு வெட்டச் சொல்லி அதில் செடி படர விடுகிறவர்கள் உண்டு. அழுகல் நோயால் செத்த மரமென்றால் அப்படி விடாமல் வேரோடு எடுப்பது நல்லது.

அதே இடத்தில அதே மரம் வைக்கலாமோ?

எதனால் போனது என்பதைப் பொறுத்தது. மதில், மண், கல் என்றால் அந்தக் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. கன்றுக்கு அது பெரிதாகத் தெரியாது, பத்து வருஷத்தில் தெரியும். அடியில் காளான் வந்து போன மரமென்றால் அதே குழியில் அதே சாதி வேண்டவே வேண்டாம், பத்துப் பதினைந்து அடி தள்ளி வேறு சாதி வையுங்கள். கல்லு வளவுக்கும் உப்புத் தண்ணீருக்கும் செண்பகத்தைவிட மகிழ், பூவரசு தாங்கும். பெரிய மரத்துக்கு இடமில்லையென்றால் பவளமல்லிகை இருக்கிறது.

கொன்றை விதைக்குத் தோல் தடிப்பு. ஒரு பக்கத்தை அரத்தால் கொஞ்சம் தேய்த்துவிட்டு ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நடுங்கள். தேய்க்காத விதை மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். கன்றை ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு மண்ணில் வையுங்கள். குழியை ஆழமாக அல்ல, அகலமாக வெட்டுங்கள். பையில் சுற்றியிருக்கும் வேரைப் பிரித்துவிடுங்கள். வேர் பிரிகிற மேடு மண்ணுக்கு மேலே தெரியட்டும். பெரிய கன்றாக வேண்டும் என்று கடையில் கேட்காதீர்கள், பையில் அதிக காலம் இருந்த கன்றுதான் பெரிதாக இருக்கும். முழங்கால் உயரத்தில் இருப்பதை எடுங்கள். விலையும் குறைவு.